பீரோவுக்குள் இருபத்தொரு நிமிடம்

படப்பிடிப்புக்குப் போனால் அவளுக்குப் பெயர் பேயக்கா. "பேயக்கா, டீ எடுத்துக்கிட்டீங்களா?" "பேயக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, லைட்டை மறைக்கிறீங்க." புதிதாக வந்தவர்கள்தான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நாற்பத்திரண்டு வயது. மெலிந்த, உயரமான உடம்பு. மற்ற நாட்களில் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, வாங்கியவர்களின் கால் நீளத்துக்கு ஏற்றபடி பேண்டுகளை வெட்டி மடித்துத் தைப்பாள். எப்போதாவது சினிமாக்காரர்கள் யாராவது கூப்பிட்டால் கடைக்காரரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் பேயாக நின்றுவிட்டு வருவாள். "உனக்கு மொத்தம் எத்தனை பல்லும்மா?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

அவள் நடித்ததெல்லாம் ஒரே இடத்தில் நடக்கும் படங்கள். கையில் அதிகம் இல்லாதவர்கள் எடுக்கும் பேய்ப்படத்துக்குத் தெரு வேண்டாம், கூட்டம் வேண்டாம், பாட்டு வேண்டாம். நின்றுபோன ஒரு லிஃப்ட் போதும். ஒரு குளியலறை போதும். ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்து மாட்டிவிட்டால் காலை பதினோரு மணிக்கே நடுநிசி வந்துவிடும். அப்புறம் ஒரு மூலையில் அசையாமல் நிற்க ஓர் ஆள் வேண்டும். அசையாமல் நிற்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம். அவள் நாற்பது நிமிடம் நிற்பாள். மூச்சு விடுவது தோளில் தெரியாது.

ஆனால் எந்தப் படத்திலும் அவள் முகம் கிடையாது. லிஃப்டின் கூரையிலிருந்து இறங்கும் கை அவளுடையது. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் கூந்தல் அவளுடையது. காரின் பின் சீட்டில், கண்ணாடியில் மங்கலாகத் தெரியும் தோள் அவளுடையது.

அவளுடைய அப்பா முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவள் கல்யாணம் நான்கு வருடம் ஓடி நின்றுபோன பிறகு அவரோடுதான் இருந்தாள். தங்கை, புருஷன் வேலைக்கு வெளியூர் போய்விடுவதால், பாதி நாள் அங்கேயே கிடப்பாள். மகள் வரும் படம் வெளியானால் அப்பா செல்போனைக் கண்ணருகே வைத்துக்கொண்டு தேடுவார்.

"சினிமால இருக்கா என் பெரியவ. எங்கேன்னு கேட்டா கட்டிலுக்கு அடியில பாருங்கிறா," என்பார் தங்கையிடம். "ரெண்டு படத்துல கையைப் பாத்தேன். மூணு படத்துல முடியைப் பாத்தேன். எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்தா ஒரு முழு ஆளு தேறுமா சின்னவளே?"

"தேறினாலும் உங்க ஜாடை இருக்காதுப்பா, பயப்படாதீங்க," என்பாள் தங்கை.

படம் பார்க்கும்போது அவர் திட்டுவது பேயை அல்ல, கதாநாயகியை. "கதவு தொறந்துதானேடி இருக்கு? ஓடித் தொலையேன்!"

"ஓடிட்டா படம் முடிஞ்சிடும்ப்பா."

"முடிஞ்சா முடியட்டும். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கட்டும்."

அவர் கேட்டது சரியான கேள்வி. பூட்டிய கதவு யாரையும் நெடுநேரம் பயமுறுத்துவதில்லை. திறக்கக்கூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி ஏன் நின்றுகொண்டே இருக்கிறாள் என்பதற்கு நம்பும்படியான ஒரு காரணம் வேண்டும். அப்படிப்பட்ட படங்களில் முக்கால்வாசிக்கு அந்தக் காரணம் இருப்பதில்லை.

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் முதல் படம் எடுக்கக் கிளம்பியபோது அவளைத் தேடி வந்தார். ஒரே அறை, மூன்று பேர், ஒரு பழைய இரும்பு பீரோ. அறுபத்து நான்கு நிமிடம், நடுவில் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாகக் கேமரா ஓட வேண்டும். பீரோவுக்குள் இருப்பது பேய் என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, அறுபத்திரண்டாவது நிமிடத்தில் கதவு திறக்கும். உள்ளே இருப்பவள் செத்தவள் இல்லை. அந்த வீட்டில் எல்லோரும் மறந்துபோன ஒருத்தி.

"மேக்கப் கிடையாதுக்கா. உங்க முகம்தான். கேமரா பக்கத்துல வந்து கால் நிமிஷம் நிக்கும்," என்றார் டைரக்டர்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். நுரையீரல் கெட்டுப்போய் மூன்றாவது மாதமாக அங்கே கிடந்தார். இந்த முறை அவர் கிண்டல் செய்யவில்லை.

"மூஞ்சியா? முழுசாவா?"

"முழுசாத்தான்ப்பா. கால் நிமிஷம்."

"கால் நிமிஷமா! நான் ரெண்டு தடவை கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுப் பாத்துடுவேனே." பிறகு தங்கை பக்கம் திரும்பி, "சின்னவளே, என் கண்ணாடிக் காலு ஆடுது பாரு. கடைல குடுத்து முடுக்கி வாங்கி வை," என்றார்.

வெள்ளையடித்துக் காலியாகக் கிடந்த ஒரு வீட்டின் மூன்றாம் மாடி அறை நான்கு நாளைக்குக் கிடைத்தது. ஐந்தாம் நாள் காலை புதிதாகக் குடிவருகிறவர்கள் சாமானோடு வந்துவிடுவார்கள். முதல் இரண்டு நாள் ஒத்திகை. பீரோவின் தட்டுகளைக் கழற்றி, மேலே காற்றுக்கு எட்டு ஓட்டை போட்டு, கதவின் உள்பக்கத்தில் ஒரு கொக்கி வைத்தார்கள். கேமரா அறை முழுக்கச் சுற்றுவதால் யாரும் உள்ளே நின்று சைகை காட்ட முடியாது; வசனத்தை அங்கேயே பதிவு செய்வதால் சத்தமும் கூடாது. அதனால் சீனியர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

சீனியர் என்பவர் இருபத்திரண்டு வருடமாக உதவி இயக்குநராகவே இருப்பவர். மீன்பிடிக்கிற நரம்பு ஒன்றை அவள் கால் கட்டைவிரலில் கட்டி, பீரோவின் அடியில் ஓட்டை போட்டு, சுவரோரமாக விட்டு, கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு சின்னத் திரையில் காட்சியைப் பார்த்துக்கொண்டு நரம்பின் மறுநுனியைப் பிடித்திருப்பார். ஒரு இழு இழுத்தால் தயாராக வேண்டும். இரண்டு இழுத்தால் கதவைத் திறக்க வேண்டும்.

"என் வாழ்க்கைல மொத தடவையா ஒரு பொம்பளை நான் இழுத்த இழுப்புக்கு வரப்போறா," என்றார் சீனியர்.

"கட்டைவிரல் மட்டும்தான் வரும். ரொம்ப ஆசைப்படாதீங்க," என்றாள் அவள்.

மூன்றாம் நாள் இரண்டு தடவை ஓடினார்கள். காலையில் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒருவருக்கு வசனம் மறந்துபோனது. மத்தியானம் ஐம்பதாவது நிமிடத்தில் மாடி வீட்டில் யாரோ கட்டிலை இழுத்தார்கள். நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது பேட்டரி போய் ஒன்பதாவது நிமிடத்திலேயே நின்றது. மிஞ்சியது ஒரே ஒரு தடவை. பேட்டரி ஏறியதும், பன்னிரண்டு மணிக்கு மேல்; சாயங்காலம் சாமானை எடுத்துவிட வேண்டும்.

அன்று விடிந்ததும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள். அப்பா முகமூடி வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்த மூன்று மாதத்தில் டாக்டர் நான்கு முறை, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நான்கு முறையும் அவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டிருக்கிறார். அன்றும் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தி, "இன்னிக்காவது அந்த பீரோவைத் தொறப்பாங்களா?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான்ப்பா கடைசி நாள்."

"யாருக்கு?"

"வாயை மூடுங்கப்பா," என்று முகமூடியைத் திரும்ப வைத்து அழுத்திவிட்டு வந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோருடைய செல்போனையும் ஒரு வாளியில் போட்டார்கள். அவள் மட்டும் தன்னுடையதைச் சீனியர் கையில் கொடுத்தாள். "சத்தத்தை நிறுத்திட்டேன். என் தங்கச்சிகிட்டேர்ந்து வந்தா எடுங்க. ஏதாவதுன்னா மூணு தடவை இழுத்துடுங்க சீனியர், நான் வெளிய வந்துடறேன். படம் போனாப் போகுது."

"இதைச் சொல்லணுமாம்மா?" என்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் அவர்.

பன்னிரண்டு பத்துக்குக் கேமரா ஓடத் தொடங்கியது.

உள்ளே பெயின்ட் வாசனை. முதுகில் வழிந்த வியர்வை இடுப்பில் தேங்கியது. வசனங்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தன. எந்த வசனம் எத்தனையாவது நிமிடம் என்று ஒத்திகையில் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அதுதான் அவளுடைய கடிகாரம். முப்பத்தெட்டு தாண்டியது. யாருக்கும் எதுவும் மறக்கவில்லை. எல்லோரும் இதுவரை இல்லாத அளவுக்கு நன்றாகச் செய்கிறார்கள் என்பது குரலிலேயே தெரிந்தது. "சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?" என்று ஒருவன் கத்தினான். நாற்பத்தொன்று.

கட்டைவிரலில் ஓர் இழுப்பு. இன்னொன்று. இன்னொன்று.

எண்ணிக்கையில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. பின்னால் பல நாள் அந்தச் சந்தேகத்தை உண்டாக்கிக்கொள்ளப் பார்த்தாள், வரவில்லை. கொக்கி மார்புக்கு நேராக இருந்தது. ஒரு விரல் போதும். கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் அறை, அதற்கப்புறம் மாடிப்படி, தெரு. கை தூக்கினாள். கொக்கியைத் தொட்டாள். இரும்பு சுட்டது.

நான்கு தடவை இப்படித்தான் கூப்பிட்டார்கள், நான்கு தடவையும் டீ கேட்டார் என்று நினைத்தாள். இருபத்தொரு நிமிடம்தானே என்று நினைத்தாள். இப்போது வெளியே போனால் இனி எந்த முகத்தை அவருக்குக் காட்டுவது என்றும் நினைத்தாள். அவர் ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்றே ஒன்று; அதை எடுத்துக்கொண்டு போகலாம். 'தோ வந்துட்டேன்ப்பா' என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் கையைக் கீழே இறக்கினாள். அன்பினால் செய்கிறோம் என்று நினைத்துத்தான் இறக்கினாள். அந்த நினைப்பு பொய்யில்லை. மனிதர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் காரணங்களில் ஆபத்தானவை உண்மையான காரணங்கள்தான்.

நாற்பத்தாறாவது நிமிடத்தில் மறுபடி மூன்று இழுப்பு. இந்த முறை நரம்பு தோலை அறுத்தது. அவள் இடது காலைத் தூக்கி, சத்தம் வராமல் நரம்பின் மேல் வைத்து, குதிகாலால் அழுத்தி மிதித்துக்கொண்டாள். அதற்கப்புறம் வந்ததெல்லாம் குதிகாலுக்கு அடியில் லேசான ஒரு துடிப்பு மட்டும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

அறுபத்திரண்டாவது நிமிடத்தில் வசனத்தைக் கேட்டு அவளாகவே கதவைத் திறந்தாள். கேமரா முகத்தருகே வந்தது. கால் நிமிடம் நின்றது. பிறகு அந்த அறையில் இருந்தவர்கள் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் கீழே எட்டிப் பார்த்தார். டைரக்டர் தரையில் உட்கார்ந்து அழுதார். யாரோ அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். நரம்பு காலோடு இழுபட்டு வந்தது.

சீனியர் நாற்காலியில் இருந்தார். அவளுடைய செல்போன் அவர் மடியில் கவிழ்ந்திருந்தது.

"ஒண்ணு நாலுக்கும்மா," என்றார்.

அவள் நின்றாள்.

"இழுத்தேன். மூணு தடவை. திரும்பவும் இழுத்தேன்."

"தெரியல சீனியர். நரம்பு எங்கேயோ மாட்டிக்கிச்சு போல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மறுநுனியைப் பிடித்திருந்தவர் அவர். மாட்டிக்கொண்ட நரம்புக்கும் மிதிக்கப்பட்ட நரம்புக்கும் வித்தியாசம் கைக்குத் தெரியும். அவரும் எழுந்து வந்து பீரோவைத் தட்டியிருக்கலாம். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஓடிய ஒரு காட்சியை அவர் பார்த்ததில்லை.

"இருக்கும்மா. மாட்டியிருக்கும்," என்றார்.

ஆஸ்பத்திரிக்கு அவளோடு ஆட்டோவில் வந்து, தங்கை கேட்பதற்கு முன்னால் முந்திக்கொண்டு, "என் தப்புதாம்மா. உள்ள இருந்தவங்களுக்கு என்னால சொல்ல முடியல," என்றார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை.

அந்தப் படத்துக்கு ஒரு கொடுமை உண்டு. வெட்டே இல்லாததால் அது ஒரு கடிகாரமாகவும் இருக்கிறது. பன்னிரண்டு பத்தோடு எந்த நிமிடத்தையும் கூட்டிக்கொள்ளலாம். ஒன்று நாலு என்பது ஐம்பத்து நான்காவது நிமிடம். கதாநாயகி கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பின்னால், திரையின் இடது ஓரத்தில், பீரோ மூடியிருக்கிறது. வேறொன்றும் நடப்பதில்லை.

எட்டு மாதம் கழித்து இணையத்தில் வெளியானபோது படத்தைப் பலர் பார்த்தார்கள். படம் சுமார்தான். மூன்று பேரும் தேவைக்கு மேல் கத்துகிறார்கள். ஆனால் கடைசி முகத்தைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். பத்து வருடத் துக்கம் அந்தக் கால் நிமிடத்தில் இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். அம்மா வேடத்துக்கு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். அவள் பல்வலி என்று சொல்லிவிட்டுக் கடையில் பேண்ட் தைத்தாள்.

அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது ஒரு கணக்கு. அந்த அறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் முப்பத்தைந்து நிமிடம். முதல் இழுப்புக்கே கிளம்பியிருந்தாலும் ஒன்று இருபத்தாறுக்கு முன்னால் போயிருக்க முடியாது. வேளைக்கு ஒரு தடவை மாத்திரை போடுவதுபோல இதைப் போட்டுப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீனியர் வீட்டுக்கு வந்தார். அவள் முகத்தைப் படத்திலிருந்து எடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தங்கை கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அக்கா இல்ல."

"இதை மட்டும் குடுத்துடுங்கம்மா..."

"ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு நான் கெஞ்சினப்ப உங்களால சொல்ல முடியல. இப்ப நான் மட்டும் என்னத்தைச் சொல்லணும்? போங்க."

கதவு அடைபட்டது. படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அவள் எல்லாவற்றையும் கேட்டாள். மாடிப்படியில் சட்டம் சுவரில் இடிக்க இடிக்க அவர் இறங்கிப்போகும் சத்தமும் கேட்டது.

"ஏன்டி அவரை இப்படிப் பேசற?"

"பின்ன, மாலை போட்டு உக்கார வைக்கவா? அந்த ஆளு நல்லா இருப்பானா?"

"அவரு சொன்னாருடி."

"என்ன சொன்னாரு?"

அவள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார வைத்தாள். தங்கை அதுவரை அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. இவள் நாற்பத்தொன்றாவது நிமிடத்துக்கு ஓட்டிவைத்தாள்.

"சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?" என்று டிவியில் ஒருவன் கத்தினான்.

"இங்க மூணு தடவை இழுத்தாரு. இழுத்தா வரணும்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்."

"நீ எங்க இருக்க?"

"பீரோக்குள்ள."

தங்கை திரையின் இடது ஓரத்தையே பார்த்தாள். நாற்பத்தாறு வந்தது.

"இங்க திரும்பவும் இழுத்தாரு."

"நீ?"

"நரம்பை மிதிச்சுக்கிட்டேன்."

டிவியில் மூன்று பேர் சண்டை போட்டார்கள், ஒருத்தி அழுதாள். ஐம்பது. ஐம்பத்திரண்டு. கதாநாயகி கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"கெளம்பியிருந்தாலும் வந்து சேந்திருக்க முடியாதுடி," என்றாள் அவள். "முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன்."

"வரச்சொல்லியா கூப்பிட்டேன்?"

அவள் தங்கையைப் பார்த்தாள்.

"நீ வந்து சேர முடியாதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? நர்ஸ் சொல்லிட்டாங்க, பத்து நிமிஷம்தான்னு. பேசத்தான் கூப்பிட்டேன். அப்பா விரலால காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாரு. போனைக் காதுல வெச்சேன். கடைசி வரைக்கும் வெச்சிருந்தேன்." தங்கையின் கண் இன்னும் திரையிலேயே இருந்தது. "அந்தப் பக்கம் அந்த மனுஷன், 'ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்'னு கிசுகிசுத்துக்கிட்டே இருந்தாரு. அது நீதான்னு அப்பா நெனச்சாரோ என்னவோ. தலையை ஆட்டினாரு."

எட்டு மாதத்துக்கு மேலாகப் போட்ட கணக்கில் அவள் ஆட்டோவை மட்டும்தான் சேர்த்திருந்தாள்.

தங்கை எழுந்தாள். அடிக்கவோ அழவோ போகிறாள் என்று அவள் காத்திருந்தாள். தங்கை சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பாத்திரம் கழுவும் சத்தம் வரவில்லை. "சின்னவளே," என்று இவள் கூப்பிட்டாள். தண்ணீர் விழுவது நிற்கவில்லை.

படத்தை நிறுத்த அவளுக்குத் தோன்றவில்லை. கொக்கி விலகியது. பீரோ திறந்தது. அவள் முகம் திரை முழுக்க வந்து நின்றது.

எழுதியவர்கள் சொன்ன துக்கம் எதுவும் அதில் இல்லை. அது அவசரம். வாசலிலேயே ஆட்டோ கிடைக்குமா, தெருமுனை வரை ஓட வேண்டியிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற முகம்.